பட்டறைப் பொறியைப் படம் பிடிப்பது எப்படி: ஒளியும் எக்ஸ்போஷரும்

கோயம்புத்தூரில் கிரைண்டர் என்றால் முதலில் மாவாட்டும் கல்தான் ஞாபகத்துக்கு வரும். புவிசார் குறியீடே வாங்கிய சாமான் அது. நான் இங்கே சொல்வது கிரில் கேட் பட்டறைகளில் காது கிழியக் கத்துகிற ஆங்கிள் கிரைண்டரை. நாலு இஞ்ச் வீல் மாட்டிய அந்த மிஷினைப் பட்டறையில் ஏஜி ஃபோர் என்பார்கள். இரும்பில் வீல் பட்டதும் சீறிக்கொண்டு பாயும் பொறியைப் பார்த்தால் கேமரா வைத்திருக்கும் யாருக்கும் கை அரிக்கும். எனக்கும் அரித்தது. முதல் நாள் எடுத்த நூற்றுச் சொச்சம் படங்களில் ஒன்றுகூடத் தேறவில்லை.

வேகமாகப் பறக்கிற பொருளுக்கு வேகமான ஷட்டர் வேண்டும் என்று நினைத்து முதலில் 1/2000 நொடி வைத்தேன். கடுகு சிதறின மாதிரி புள்ளி புள்ளியாக வந்தது. சரி, மெதுவாக்குவோம் என்று ஒரு முழு நொடி திறந்தேன். வீலைச் சுற்றி வெள்ளைக் கட்டி ஒன்று நின்றது, மிஷின் பிடித்திருந்த அண்ணன் ஆவி மாதிரி இரண்டாகத் தெரிந்தார். பட்டறைக்காரர் படத்தை எட்டிப் பார்த்துவிட்டு, “எத்தனை தடவைங்க தம்பி தேய்க்கறது? வீலே தீந்துபோயிருமுங்க” என்றார். படம் வராததற்கு அவரோ மிஷினோ காரணமில்லை. மூன்று குழாய்களை ஒரே குழாய் என்று நினைத்துத் திருகிக்கொண்டிருந்தேன், அதுதான் தப்பு.

மூன்று குழாய்

சாதாரணப் படத்தில் ஷட்டரை இரண்டு மடங்கு நேரம் திறந்தால் எல்லாமே இரண்டு மடங்கு வெளிச்சமாகும். பொறிக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. பொறி நகர்ந்துகொண்டே இருக்கிறது. சென்சாரில் ஓர் இடத்தை அது கடக்கும் அந்தத் துளி நேரம் மட்டுமே அந்த இடத்துக்கு அதன் வெளிச்சம் கிடைக்கும். கடந்து போன பிறகு ஷட்டர் இன்னும் ஒரு நொடி திறந்திருந்தாலும் அந்த இடத்தில் புதிதாக ஒன்றும் சேராது. இருட்டில் ஊதுபத்தியைச் சுழற்றிப் பாருங்கள். மெதுவாகச் சுழற்றினால் கோடு பளிச்சென்றும் வேகமாகச் சுழற்றினால் மங்கலாகவும் படத்தில் விழும்.

ஆகவே பொறிக் கோடு எவ்வளவு பிரகாசமாக விழ வேண்டும் என்பதை அபர்ச்சரும் (லென்ஸ் துளையின் அளவு) ஐஎஸ்ஓவும்தான் (சென்சாரின் ஒளி உணர்திறன்) முடிவு செய்கின்றன. இது முதல் குழாய். கோடு எவ்வளவு நீளம், ஒரு படத்தில் எத்தனை கோடுகள், சுற்றுப்புறம் எவ்வளவு தெரியும் என்பதெல்லாம் ஷட்டரின் வேலை. இது இரண்டாவது. வேலை செய்கிறவரின் முகமும் கையும் எவ்வளவு தெரிய வேண்டும் என்பது ஃபிளாஷின் வேலை. இது மூன்றாவது. இந்த மூன்றையும் தனித்தனியாகத் திருகப் பழகிவிட்டால் மீதியெல்லாம் கைப்பழக்கம்.

நம்பிக்கை இல்லாவிட்டால் ஒரு சோதனை. எஃப் 8 (அபர்ச்சரின் எண், எண் கூடினால் துளை சுருங்கும்), ஐஎஸ்ஓ 100. இதை மாற்றாமல் 1/125, 1/30, 1/8 என மூன்று படம் எடுங்கள். பெரிதாக்கி, கூட்டத்திலிருந்து விலகித் தனியே பறக்கும் ஒரு பொறியைப் பாருங்கள். மூன்று படத்திலும் கோட்டின் பிரகாசம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். மாறுவது வீலை ஒட்டிய அடிப்பகுதிதான். அங்கே நூற்றுக்கணக்கான பொறிகள் ஒரே பாதையில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுவதால் நேரம் கூடக்கூட வெளுத்துக் கட்டியாகும். என் ஒரு நொடிப் படத்தின் வெள்ளைக் கட்டி அதுதான்.

வேகம் எவ்வளவு என்று தெரிந்தால் ஷட்டரைக் குத்துமதிப்பாக வைக்க வேண்டியதில்லை. நாலு இஞ்ச் மிஷின் பொதுவாக நிமிடத்துக்கு 11,000 சுற்று ஓடும். வீலின் விட்டம் 100 மி.மீ. என்றால் அதன் விளிம்பு நொடிக்குச் சுமார் 57 மீட்டர் போகிறது, அதாவது மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல். பொறி இதைவிட வேகமாகக் கிளம்பாது. கிளம்பியதும் காற்று அதை இழுத்துப் பிடித்துவிடும். எனவே 1/500 நொடியில் ஒரு கோடு அதிகபட்சம் 11 செ.மீ., 1/125 நொடியில் 46 செ.மீ. 1/30 என்றால் கணக்குப்படி கிட்டத்தட்ட 2 மீட்டர். நிஜத்தில் காற்று இழுத்துப் பிடிப்பதால் அதைவிடக் குறைவாகத்தான் போகும். ஆனாலும் 1/30 நொடியில் பொறியின் பாதை நன்றாக நீளமாகவே படத்தில் வந்துவிடும். நான் எப்போதும் 1/30-ல் தொடங்குவது இதனால்தான்.

எந்த இரும்பு, எந்தப் பொறி

இதைப் படக்காரர்கள் யாரும் கேட்பதில்லை. பட்டறைக்காரர்களோ பொறியைப் பார்த்தே இரும்பின் ரகத்தைச் சொல்லிவிடுவார்கள்.

வீல் உரசும்போது பிய்ந்து வரும் இரும்புத் துகள் உராய்வில் சூடேறி, காற்றில் பறக்கும்போதே ஆக்சிஜனோடு சேர்ந்து எரிகிறது. எரிவதால் இன்னும் சூடாகிறது. இரும்புக்குள் கார்பன் இருந்தால் அதுவும் எரிந்து வாயுவாகித் துகளை உள்ளிருந்து வெடிக்க வைக்கும். பொறியின் நுனியில் மத்தாப்பூ மாதிரி கிளை விரிவது அந்த வெடிப்புதான். கார்பன் கூடினால் கிளையும் கூடும்.

பட்டறையில் எப்போதும் கிடக்கும் எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) ஆங்கிள், ஃபிளாட், ஸ்கொயர் பைப் எல்லாம் கார்பன் குறைந்தவை. அவற்றில் நீளமான, வைக்கோல் நிறக் கோடுகள் வரும், கிளை குறைவு. பழைய அரத்தை வீலில் வைத்துப் பாருங்கள். அதில் கார்பன் ஒரு சதவீதத்தை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும், பொறி பூவாய்ப் பூத்துக் கொட்டும். லாரி ஸ்பிரிங் பட்டை இரண்டுக்கும் நடுவில். நீளமும் உண்டு, கிளையும் உண்டு. எனக்குப் பிடித்தது அதுதான். அரிவாள் அடிக்கிறவர்கள் தேடி வாங்குவதும் அந்தப் பட்டையைத்தான். சாணைக்காரர் அரிவாளைச் சக்கரத்தில் வைத்ததும் தெறித்த பொறியைச் சின்ன வயதில் வாய் பிளந்து பார்த்திருப்போமே, அந்தப் பூவெல்லாம் கார்பன் உபயம். வார்ப்பிரும்பில் பொறி குட்டையாக, சிவப்பாகக் கிளம்பும். எஸ்.எஸ். என்கிற துருப்பிடிக்காத இரும்பில் ஆரஞ்சு நிறம், நீளம் குறைவு, கிளை அபூர்வம். அலுமினியமும் பித்தளையும் பொறியே விடாது. ஜிஐ பைப்பைத் தேய்க்கச் சொல்லாதீர்கள். மேலே பூசிய துத்தநாகம் சூடேறினால் வரும் புகை மூச்சுக்குக் கெடுதல், ஆளைக் காய்ச்சலில் படுக்க வைத்துவிடும்.

வீலும் முக்கியம். மெல்லிய கட்டிங் வீல் ஒடுக்கமான தாரையாகப் பொறி விடும். தடித்த கிரைண்டிங் வீல் விசிறி மாதிரி விரித்து விடும். 14 இஞ்ச் கட்டிங் மிஷின் என்றால் பெரிய தாரை ஒன்று கீழ்ப்பக்கமாகத் தரையை நோக்கிப் பாயும். ஆள் தள்ளி நிற்கலாம், படம் எடுப்பதும் லேசு. புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதில் தொடங்கலாம்.

படத்துக்கு முன்னால் செய்ய வேண்டியது

இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். மிஷினைப் பிடிப்பது தினமும் அதையே செய்கிற ஆளாக இருக்க வேண்டும். நண்பனிடம் கொடுத்து “சும்மா பிடி மச்சி” என்பது வேண்டாம். வீலுக்கு மேலே இருக்கும் தகட்டு மூடியைப் படத்துக்கு அழகாக இல்லை என்று கழற்றச் சொல்லவே கூடாது. வீல் உடைந்தால் துண்டு முகத்துக்கு வராமல் முதலில் தடுப்பது அதுதான். வீலின் நடு ஓட்டையைச் சுற்றியுள்ள உலோக வளையத்தைப் பாருங்கள், நல்ல வீல்களில் காலாவதி மாதமும் ஆண்டும் அடித்திருக்கும். ரெசினால் பிணைத்த வீலுக்கு ஆயுள் மூன்று ஆண்டு. ஈரம் குடித்த பழைய வீலைப் படத்துக்காகக்கூட மாட்ட வேண்டாம்.

மிஷின் பிடிப்பவருக்குக் கண்ணாடி, அதற்கு மேல் முகத்தடுப்பு, காதடைப்பு, பருத்தி அல்லது தோல் உடை. பாலியஸ்டர் சட்டையில் பொறி விழுந்தால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். கழுத்தில் துண்டு, தொங்கும் கயிறு, லுங்கி எதுவும் ஆகாது. படமெடுக்கும் உங்களுக்கும் கண்ணாடி வேண்டும். வியூஃபைண்டரில் ஒரு கண் மூடியிருந்தாலும் இன்னொன்று திறந்துதானே இருக்கிறது?

பொறி போய் விழும் திசையில் தின்னர், பெயிண்ட், பெட்ரோல் கேன், மரத்தூள், எண்ணெய்த் துணி எதுவும் இருக்கக் கூடாது. காலி டிரம்தானே என்று விட்டுவிடாதீர்கள். உள்ளே தங்கிய ஆவிதான் வெடிக்கும். மணல் வாளி ஒன்று, தீயணைப்பான் ஒன்று கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். வேலை முடிந்து ஒரு மணி நேரம் யாராவது அங்கேயே இருக்க வேண்டும். மூலையில் விழுந்த துகள் புகைந்து புகைந்து பிறகுதான் பற்றும். 2016 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் பாயிண்ட் ரேயஸ் அருகே, கரையில் கிடந்த பழைய படகின் பின்பகுதி எரிந்துபோனது. படக்காரர்கள் பலரும் தேடிப் போன படகு அது. ஸ்டீல் வுல் என்கிற மெல்லிய இரும்பு நாரைக் கொளுத்திச் சுழற்றிப் படமெடுத்தவர்கள்மீதுதான் சந்தேகம் போயிற்று.

லென்ஸ் விஷயத்தில் எனக்குப் பட்ட பிறகுதான் புத்தி வந்தது. 35 மி.மீ. லென்ஸோடு பக்கத்தில் போய் உட்கார்ந்து, பொறி என்னை நோக்கி வருகிற மாதிரி நாலு படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து துடைத்தால் லென்ஸுக்கு முன்னால் மாட்டியிருந்த ஃபில்டர் கண்ணாடிமேல் பழுப்புப் புள்ளிகள் போகவே இல்லை. நகத்தால் தடவினால் சொரசொரப்பு. எரியும் துகள் கண்ணாடியை உருக்கி அதிலேயே பதிந்துவிடும். ஃபில்டர் போனது, லென்ஸ் தப்பியது. பட்டறைக்குள் போகும்போது விலை குறைந்த யூவி ஃபில்டர் ஒன்றை மாட்டிக்கொள்ளுங்கள், அது சாகட்டும்.

இடமும் திசையும்

பொறிக்குப் பின்னால் இருட்டு வேண்டும். வெள்ளைச் சுவரோ டியூப்லைட்டோ பின்னால் இருந்தால் எந்த எக்ஸ்போஷரும் காப்பாற்றாது. கறுப்புத் துணி கட்டுகிறேன் என்று கிளம்பாதீர்கள், பொறி போகும் பாதையில் துணி எதற்கு? பட்டறையின் ஷட்டர் கதவைத் தூக்கிவிட்டு, வெளியே இருண்ட முற்றம் பின்னணியாக வரும்படி ஆளை நிறுத்துவதே எனக்குத் தெரிந்த சிறந்த வழி. அது முடியாவிட்டால் சுவருக்கும் ஆளுக்கும் நடுவே மூன்று நான்கு மீட்டர் இடைவெளி விடுங்கள். ஃபிளாஷ் வெளிச்சம் சுவருக்குப் போய்ச் சேருவதற்குள் தேய்ந்துவிடும்.

தாரை கேமராவுக்குக் குறுக்கே, இடமிருந்து வலமாகவோ வலமிருந்து இடமாகவோ போக வேண்டும். அப்போதுதான் முழு நீளமும் தெரியும், முழு நீளமும் ஃபோகஸுக்குள் இருக்கும். உங்களை நோக்கி வந்தால் கோடுகள் குறுகிப்போகும், லென்ஸும் போகும். பொறி வீலின் விளிம்பைத் தொட்டபடி நேர்கோட்டில்தான் கிளம்பும். இரும்பை எந்த உயரத்தில், எந்தச் சாய்வில் வைத்துத் தேய்த்தால் அது கிடைமட்டமாகப் போகும் என்று வேலைக்காரரையே கேளுங்கள். அவர் இரண்டு நொடியில் காட்டிவிடுவார்.

தரையில் மோதித் தெறிக்கும் பொறிக்குத் தனி அழகு உண்டு. சிமெண்ட் தரை அதற்கு நல்லது. ஈரத் தரையில் பிரதிபலிப்பு கிடைக்கும் என்று சிலர் தண்ணீர் தெளிப்பார்கள். வயர் போட்ட மிஷின் ஓடும் இடத்தில் அந்த யோசனையே கூடாது.

கேமராவில் படிப்படியாக

படி 1. முக்காலியில் கேமரா. 85 மி.மீ. அல்லது அதற்கு மேல் லென்ஸ், மூன்று மீட்டர் தூரம். முழுப் பிரேம் கேமராவில் 85 மி.மீ., எஃப் 8, 3 மீட்டர் என்றால் ஃபோகஸ் ஆழம் சுமார் 60 செ.மீ. கிடைக்கும். குறுக்கே போகும் தாரைக்கு இது போதும். முன்னாலும் பின்னாலும் விலகிப் பறக்கும் சில பொறிகள் தடித்த பட்டையாக விழும், விழட்டும்.

படி 2. மேனுவல் மோட், ரா ஃபைல் (சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் ஃபைல்), லென்ஸ் ஸ்டெபிலைசர் (ஆட்டத்தைச் சரிக்கட்டும் வசதி) அணைப்பு. எந்த ஆட்டோவும் வேண்டாம். இருட்டைப் பார்த்து ஏமாறும், வெளிச்சம் அளக்கும் மீட்டர், பொறி வந்ததும் இன்னொரு விதமாக ஏமாறும்.

படி 3. மிஷின் ஓடுவதற்கு முன்பே ஃபோகஸ். வீல் இரும்பைத் தொடும் இடத்தில் டார்ச் அடித்து, ஆட்டோ ஃபோகஸில் பிடித்து, பிறகு மேனுவலுக்கு மாற்றுங்கள். ஃபோகஸ் வளையத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். பொறி பறக்கும்போது ஆட்டோ ஃபோகஸை நம்பினால், அது கல்யாண வீட்டில் தொலைந்த குழந்தை மாதிரி முன்னும் பின்னும் அலையும்.

படி 4. முதல் குழாய். ஐஎஸ்ஓ 100, எஃப் 8, ஷட்டர் 1/30. விளக்கெல்லாம் அணைத்து, ஃபிளாஷ் இல்லாமல் ஒரு படம். தனியாகப் பறக்கும் பொறிகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஆரஞ்சு நிறம் தங்கியிருந்தால் சரி. மஞ்சளைத் தாண்டி வெள்ளையாகிவிட்டால் எஃப் 11. மங்கிச் செங்கல் நிறமாகத் தெரிந்தால் எஃப் 5.6 அல்லது ஐஎஸ்ஓ 200. வீலை ஒட்டிய அடிப்பகுதி வெளுத்திருப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம், அது எப்படியும் வெளுக்கும். அதைக் காப்பாற்றப் போனால் கிளைகள் காணாமல் போகும். ஹிஸ்டோகிராமில் (வெளிச்சத்தின் பரவலைக் காட்டும் வரைபடம்) சிவப்பு முதலில் வலது ஓரத்தில் முட்டும், பிறகு பச்சை. பச்சையும் முட்டும்போதுதான் ஆரஞ்சு மஞ்சளாகிறது. மூன்று நிறத்தையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராமை வைத்துக்கொள்வது நல்லது.

இந்த அபர்ச்சரையும் ஐஎஸ்ஓவையும் இதற்கு மேல் தொடாதீர்கள். பொறி முடிந்தது.

படி 5. இரண்டாவது குழாய். கோடு குட்டையாக, தீக்குச்சி சிதறிய மாதிரி வேண்டுமென்றால் 1/250. நீண்ட வளைவு வேண்டுமென்றால் 1/30. அடர்த்தியான தீ மழை வேண்டுமென்றால் 1/8. அதற்கு மேல் போனால் கூட்டம்தான் மிஞ்சும், பொறி தெரியாது. என் கண்ணுக்கு 1/30 முதல் 1/15 வரைதான் அழகு. தனிக்கோடுகள் எண்ணும்படி இருக்க வேண்டும்.

டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தாலும் எஃப் 8, ஐஎஸ்ஓ 100, 1/30-ல் பட்டறை ஏறக்குறைய கறுப்பாகத்தான் விழும். சுவரும் சாமான்களும் லேசாகத் தெரிய வேண்டுமென்றால் ஷட்டரை 1/8 வரை இறக்குங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், சாதாரண டியூப்லைட் நொடிக்கு 100 முறை துடிக்கும். 1/250 போன்ற வேகத்தில் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் வந்தால் கேமராவைச் சந்தேகிக்காமல் விளக்கை அணையுங்கள்.

படி 6. இனி ஃபிளாஷ். இதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஆளுக்கு வெளிச்சம்

ஃபிளாஷைப் பொறிக்காகப் போடுவதில்லை. பொறி தானே எரிகிறது, அதன்மேல் ஃபிளாஷ் அடித்து ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆளுக்காக மட்டும் போடுகிறோம், அது பின்னணியில் சிந்தக் கூடாது. கேமராமேல் ஃபிளாஷ் வைத்து நேராக அடித்தால் வீல் தூசி முழுக்க வெள்ளைப் பனியாக எழும், முகத்தடுப்பில் ஒரு வெள்ளைச் சதுரம் விழும்.

60 செ.மீ. சாஃப்ட்பாக்ஸ் (ஃபிளாஷ் ஒளியை மென்மையாக்கும் துணிப்பெட்டி) ஒன்று, ஆளுக்குப் பக்கவாட்டில், தலைக்குச் சற்று மேலே, ஒன்றரை மீட்டர் தூரத்தில். பொறி பாயும் திசைக்கு எதிர்ப்பக்கம், இல்லாவிட்டால் சாஃப்ட்பாக்ஸ் துணி சல்லடை ஆகிவிடும். 1/8 பவரில் தொடங்குங்கள். முகமும் கையும் இயல்பைவிட ஒரு ஸ்டாப் (அதாவது பாதி வெளிச்சம்) இருட்டாக இருக்கும் வரை குறையுங்கள். முகம் பளிச்சென்று வந்தால் பொறி அடிபட்டுப் போகும். திரையில் பார்த்து “கொஞ்சம் குறைவோ” என்று தோன்றும் அளவே பெரும்பாலும் சரியான அளவு. முகத்தடுப்பில் பிரதிபலிப்பு வந்தால் விளக்கை இன்னும் உயர்த்துங்கள் அல்லது அவரை அரை அங்குலம் குனியச் சொல்லுங்கள். கழற்றச் சொல்லாதீர்கள். கண்ணாடி இல்லாமல் தேய்க்கிறவரின் படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் நான் வெளியிடுவதில்லை.

இரண்டாவது ஃபிளாஷ் கிடைத்தால் ஒரு சின்னத் தந்திரம். பொறியின் வெளிச்சம் முகத்தில் செம்மையாகப் படுவது நம் கண்ணுக்குத் தெரியும். 1/30-ல் கேமராவுக்கு அது போதாது. ஆகவே பொறி கிளம்பும் பக்கமாக, வீலைவிடத் தாழ்வாக, ஒரு சின்ன ஃபிளாஷை ஆளை நோக்கி வையுங்கள். அதன்மேல் ஆரஞ்சு ஜெல் ஒன்று. மேடை விளக்குக்காரர்கள் ஜெலட்டின் பேப்பர் என்பார்கள், நாடக, கச்சேரி ஒளியமைப்புச் சாமான் விற்கும் கடையில் கிடைக்கும். பவர் 1/32 அல்லது அதற்கும் கீழே. தாடைக்கடியிலும் முகத்தடுப்பின் விளிம்பிலும் கையுறையின் ஓரத்திலும் மட்டும் செம்மை படிந்தால் போதும். பார்ப்பவர்கள் பொறியின் வெளிச்சம் என்றே நம்புவார்கள். கொஞ்சம் கூடிவிட்டால் பட்டறை பேய்ப்பட செட் ஆகிவிடும், கவனம்.

ரியர் கர்ட்டன் சிங்க் (ஷட்டர் மூடும் தருணத்தில் ஃபிளாஷ் அடிக்கும் முறை) வைக்க வேண்டுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். பொறிக்கு அதனால் ஒரு வித்தியாசமும் இல்லை. அது தாறுமாறாக எப்போதும் வந்துகொண்டுதான் இருக்கிறது. ஷட்டரை 1/8 வரை இறக்கி, பட்டறை விளக்கும் எரிந்து, ஆள் அசைகிறார் என்றால் மட்டும் அதை வையுங்கள்.

நிறம்

வொயிட் பேலன்ஸை (எந்த ஒளியை வெள்ளையாகக் கொள்வது என்ற அமைப்பை) 5500 கெல்வினில் பூட்டிவிடுங்கள். ஃபிளாஷ் வெளிச்சம் இயல்பாகவும் பொறி ஆரஞ்சாகவும் வரும். ஆட்டோவில் விட்டால் ஆரஞ்சைக் கழிக்கப் பார்த்து ஒவ்வொரு படமும் ஒவ்வொரு நிறத்தில் வரும். 3200-க்கு இறக்கினால் பொறி வெண்மஞ்சளாகும், மற்றதெல்லாம் நீலமாகும். பிரதான ஃபிளாஷுக்கும் முழு ஆரஞ்சு ஜெல் போட்டால் முகம் மட்டும் இயல்பாக நிற்க, வாசல் வழியே தெரியும் அந்தி வானம் அடர்நீலமாகிவிடும். சூரியன் மறைந்து அரை மணிக்குள் செய்ய வேண்டிய வேலை இது. எஃப் 8-ஐ மாற்றாமல் வானத்துக்கு ஏற்ற மாதிரி ஷட்டரை மட்டும் 1/15, 1/8, 1/4 என்று இறக்கிக்கொண்டே போக வேண்டும். நம் ஊரில் அந்தி சட்டென்று கவிந்துவிடும், எல்லாவற்றையும் ஐந்தரைக்கே தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

பகலில் எடுக்க நேர்ந்தால்

பகலில் என்றதும் என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கும் கறுத்த கண்ணாடி) மாட்டி ஷட்டரை மெதுவாக்குகிறார்கள். அது தலைகீழ். ஃபில்டர் சுற்றுப்புறத்தையும் மங்கலாக்கும், பொறியையும் மங்கலாக்கும். பிறகு ஷட்டரை நீட்டினால் சுற்றுப்புறம் மட்டும் மீண்டுவரும், பொறி மீளாது. பகலில் பொறியை எடுப்பாகக் காட்ட ஷட்டரை வேகமாக்க வேண்டும். சுற்றுப்புறம் இருளும், பொறிக் கோட்டின் பிரகாசம் அப்படியே நிற்கும், நீளம் மட்டும் குறையும்.

நேர் வெயிலில் எஃப் 8, ஐஎஸ்ஓ 100-க்கு இயல்பான ஷட்டரே 1/400. அங்கே பொறி எடுபடாது, விட்டுவிடுங்கள். கூரைக்கு அடியில், நிழலில் 1/60 அளவு வரும். அங்கே 1/200 வைத்தால் சுற்றுப்புறம் இரண்டு ஸ்டாப்புக்கு நெருக்கமாக இருட்டாகும், கோடு அதிகபட்சம் 29 செ.மீ. கிடைக்கும், பெரும்பாலான கேமராக்களில் ஃபிளாஷும் சேரும். கோடு போதவில்லை என்றால் முக்காலியை அசைக்காமல் பத்துப் பதினைந்து படம் தொடர்ந்து எடுத்து, கணினியில் அடுக்கி லைட்டன் முறையில் (ஒவ்வொரு இடத்திலும் வெளிச்சமானதை மட்டும் எடுப்பது) சேருங்கள். ஒவ்வொரு படத்தின் பொறியும் மற்றதன்மேல் வந்து சேரும், சுற்றுப்புறம் வெளுக்காது. ஆளை ஒரே ஒரு படத்திலிருந்து மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பதினைந்து படத்தில் அவர் பதினைந்து இடத்தில் இருப்பார்.

கைபேசியில்

ப்ரோ மோடும் ரா வசதியும் இருந்தால் வரும். அபர்ச்சர் மாறாது என்பதால் முதல் குழாய் முழுக்க ஐஎஸ்ஓ கையில்தான். 50-க்கோ அதன் மிகக் குறைந்த அளவுக்கோ இறக்குங்கள். ஷட்டர் 1/30. நைட் மோடையும் எச்டிஆரையும் அணைத்துவிடுங்கள். அவை பல படங்களை எடுத்துத் தைப்பவை, கோடு துண்டு துண்டாகும். திரையில் அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டிக்கொள்ளுங்கள். டெலி லென்ஸ் இருந்தால் அதையே பயன்படுத்தி, தள்ளி நில்லுங்கள். கைபேசி லென்ஸ் கண்ணாடியிலும் பொறி பதியும்.

கார்த்திகை தீபத்தன்று ஊரில் மாவலி சுற்றினால் இதே கணக்கை அங்கே கொண்டுபோகலாம். பனம்பூக் கரியிலிருந்து உதிரும் பொறி மெதுவானது. அதனால் ஷட்டரை ஒன்று இரண்டு நொடி வரை நீட்டி முழு வட்டத்தையும் பிடிக்கலாம்.

ஒரு மாலையின் கணக்கு

போன தடவை எடுத்ததைச் சொல்கிறேன். லாரி ஸ்பிரிங் பட்டை ஒரு துண்டு, வைஸில் இறுக்கியது. கிரைண்டிங் வீல் மாட்டிய ஏஜி ஃபோர். வாசலுக்கு வெளியே இருட்டு முற்றம். 85 மி.மீ. லென்ஸ், மூன்று மீட்டர். விளக்கில்லாமல் முதல் படம் எஃப் 8-ல் எடுத்தேன். பட்டையின் பொறி நினைத்ததைவிடப் பளிச்சென்று வெள்ளையடித்தது. எஃப் 11-க்குப் போனதும் ஆரஞ்சு தங்கியது. அபர்ச்சரை ஒரு ஸ்டாப் மூடியதால் ஃபிளாஷை 1/8-லிருந்து 1/4-க்கு ஏற்ற வேண்டியிருந்தது. இந்த ஈடுகட்டலைத்தான் எல்லோரும் மறப்பார்கள். ஷட்டர் 1/25. ஒவ்வொரு தடவையும் மூன்று நொடி மட்டும் தேய்க்கச் சொன்னேன். நான் கையைத் தூக்கினால் தொடக்கம், இறக்கினால் நிறுத்தம். அந்தச் சத்தத்தில் வாயால் சொல்லி ஒன்றும் நடக்காது. தடவைக்கு ஐந்தாறு படம் வீதம் எட்டுத் தடவை. நாற்பத்துச் சொச்சத்தில் நல்லதென்று மூன்று தேறின. மூன்றிலும் அவருடைய கண் வீலைப் பார்த்துக்கொண்டிருந்தது. மற்றவற்றில் ஃபிளாஷைப் பார்த்து இமைத்துவிட்டார். அடுத்த தடவை தேய்ப்பதற்கு முன் ஃபிளாஷை நாலு தடவை சும்மா அடித்துப் பழக்க வேண்டும் என்று குறித்து வைத்திருக்கிறேன்.

கணினியில் பெரிதாக வேலை இல்லை. ஹைலைட்டைக் கொஞ்சம் இறக்குங்கள், கறுப்பை அழுத்துங்கள். கிளாரிட்டியை ஏற்றினால் கோடுகளைச் சுற்றிச் சாம்பல் நிழல் வரும், அதைத் தொடாமல் இருப்பது நல்லது. ஆரஞ்சின் அடர்த்தியைக் கூட்டினால் தோல் நிறமும் சேர்ந்து சிவக்கும், பொறியை மட்டும் மாஸ்க் போட்டுச் செய்யுங்கள்.

பட்டறைக்குள் லென்ஸைக் கழற்றாதீர்கள். கிளம்பும் முன் பையையும் கேமராவையும் துணியால் துடைக்க வேண்டாம். மேலே படிந்திருப்பது இரும்புத் தூளும் வீல் மணலும், துடைத்தால் கீறும். முதலில் ஊதுங்கள். பிறகு பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை பாலித்தீன் பையில் சுற்றிக் காலிப் பையின் வெளிப்புறமும் முக்காலிக் காலும் முழுக்கத் தடவுங்கள். கறுப்பு மயிர் முளைத்த மாதிரி தூள் ஒட்டிக்கொண்டு வரும். மெமரி கார்டை அது பெரிதாக ஒன்றும் செய்யாது, பழைய ஹார்ட் டிஸ்க் பையில் இருந்தால் மட்டும் முன்பே வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். பாலித்தீனை உள்வெளியாகத் திருப்பினால் தூள் உள்ளேயே நின்றுவிடும், காந்தம் சுத்தமாகக் கையில் இருக்கும்.